கிந்தாவில் இருமிய பன்றிகள்

ஈப்போவிலிருந்து வடக்கே, பழைய கோலகங்சார் சாலையில் அரை மணி நேரம் வண்டி ஓட்டினால் செமோர் வந்துவிடும். தாசேக்கைத் தாண்டி, கிளேபாங்கைத் தாண்டி, கடைவீடுகளின் வரிசை தெரியும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் மேலே போனால் காந்தான் சுண்ணாம்புக்கல் மலை, பாதி வெட்டப்பட்ட உடம்போடு நின்றுகொண்டிருக்கும். ஒரு காலத்தில் சாலையின் இருபுறமும் பால்மரங்கள்தாம். இப்போது சில இடங்களில் செம்பனை, பல இடங்களில் தாமான்கள். லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தத் தாமான்களில் கார் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஊருக்கு வருகிறவர்கள் சாப்பிட வருவார்கள், கோயில் திருவிழாவுக்கு வருவார்கள், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார்கள். நான் இம்முறை வந்தது ஒரு நோயின் சொந்த ஊரைப் பார்க்க. செமோர், தஞ்சோங் ரம்புத்தான், தம்புன், ஈப்போ எல்லாம் சேர்ந்த இந்தக் கிந்தா மாவட்டத்தில்தான், உலக சுகாதார நிறுவனம் இன்றும் அவசர ஆய்வுப் பட்டியலில் வைத்திருக்கும் ஒரு மூளை நோய் முதன்முதலாக மனிதர்களைத் தாக்கியது. நிப்பா.

நிப்பா என்றதும் நம்மில் பலருக்கு நெகிரி செம்பிலான்தான் ஞாபகம் வரும். அண்மைய ஆண்டுகளில் செய்தி பார்ப்பவர்களுக்குக் கேரளா ஞாபகம் வரும். பேரா மாநிலம் ஞாபகத்துக்கு வருவது அபூர்வம். ஆனால் கதை இங்கேதான் தொடங்குகிறது.

கொசு மேல் விழுந்த பழி

1998 செப்டம்பர் மாதக் கடைசி. ஈப்போவின் புறநகர்களான அம்பாங், உலு பியா, தம்புன் பகுதிகளின் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, வாந்தி, பிறகு மயக்கம். சிலர் பேச்சில் தடுமாறினார்கள். சிலர் தூக்கத்திலிருந்து எழவே இல்லை.

மூளைக்காய்ச்சல் என்பது தெளிவாகத் தெரிந்தது. எந்த மூளைக்காய்ச்சல் என்பதுதான் கேள்வி. பன்றி, வயல், கொசு மூன்றும் இருக்கும் இடத்தில் மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது ஜப்பானிய மூளைக்காய்ச்சலை. அந்த நோயின் கிருமி பன்றியின் உடலில் பெருகும். கொசு அதைக் கடித்துவிட்டு மனிதனைக் கடிக்கும். நம் நாட்டில் அது புதியதும் அல்ல. சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான அடையாளமும் கிடைத்தது. ஆகவே கொசு மருந்து அடித்தார்கள். தடுப்பூசி போட்டார்கள். அன்றைய அறிவுக்கு அது நியாயமான முடிவாகவே இருந்தது.

ஆனால் நோய் நிற்கவில்லை.

செமோர் காப்பிக்கடை ஒன்றில் எதிரில் உட்கார்ந்த ஒரு பெரியவரிடம் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். முன்பு லோரி ஓட்டியவர். "புகை அடிச்சிக்கிட்டே இருந்தாங்க தம்பி. நாங்கெல்லாம் ஜன்னலைச் சாத்திக்கிட்டுக் கிடந்தோம். கொசுன்னா எல்லாரையும்தானே கடிக்கும்? எங்க லைன்ல ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூட வரலையே! பண்ணைக்குப் போறவனுக்குத்தானே வந்துச்சு?" என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்.

அந்தப் பெரியவரின் கேள்விக்குள் ஒரு முழு மருத்துவ ஆராய்ச்சியே இருக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இந்த நோய் தாக்கியதோ உழைக்கும் வயதுப் பெரியவர்களை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைக்குப் பக்கத்து வீட்டில் இருந்து, அதே கொசுவிடம் கடிபட்டு, ஆனால் பன்றியைத் தொடாதவர்கள் நன்றாக இருந்தார்கள். பின்னாளில் மலாயா பல்கலைக்கழக மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 94 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு இதை எண்களில் சொன்னது. அவர்களின் சராசரி வயது 37. பெண்களைவிட ஆண்கள் பல மடங்கு அதிகம். 93 விழுக்காட்டினர் பன்றிகளோடு நேரடித் தொடர்பில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைகளில் கூலிக்கு வேலை செய்த இந்தியர்களும் இருந்தார்கள்.

இன்னொரு தடயமும் இருந்தது. பன்றிகள் இருமின. சாதாரண இருமல் இல்லை; நாய் குரைப்பதுபோல் உரத்த இருமல். ஒரு மைல் தூரத்துக்குக் கேட்கும் என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றி இப்படி இருமாது. பண்ணைக்காரர்களின் காதுக்கு அது தெரியும். நோய் பிடித்த பன்றிகளில் மிகச் சிலவே செத்ததால், அந்த இருமலை ஒரு பெரிய ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள நாளாகிவிட்டது.

லோரியில் ஏறிய நோய்

நோய் பரவிய பண்ணைகளில் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? பன்றிகளை விற்றார்கள். கையில் இருக்கும் சரக்கு கெட்டுப்போவதற்குள் காசாக்கப் பார்ப்பது எந்தத் தொழிலிலும் உள்ள வழக்கம். அந்தப் பன்றிகளோடு நோயும் லோரியில் ஏறித் தெற்கே போனது. 1998 டிசம்பரில் நெகிரி செம்பிலானின் சிக்காமாட்டில் தலைகாட்டியது. அடுத்துப் போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்துக்குப் போனது. நாட்டின் மிகப் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளுள் ஒன்று அது. அங்கேதான் சாவுகள் குவிந்தன. 1999 மார்ச்சில் சிங்கப்பூரில் மலேசியப் பன்றிகளைக் கையாண்ட இறைச்சிக்கூடத் தொழிலாளர்களில் 11 பேருக்கு நோய் கண்டது; ஒருவர் இறந்தார்.

திருப்பம் வந்தது ஓர் ஆய்வகத்தில். மலாயா பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரின் முதுகுத் தண்டுவட நீரை உயிரணுக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில நாட்களில் அந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய திட்டுகளாக மாறின. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி அப்படிச் செய்யாது. மாதிரியை எடுத்துக்கொண்டு அவர் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மைய ஆய்வகங்களுக்குப் பறந்தார். 1994இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குதிரைகளையும் மனிதர்களையும் கொன்ற ஹெண்ட்ரா என்ற கிருமியின் நெருங்கிய உறவு இது என்று அங்கே தெரிந்தது. உறவுதான், அதுவே அல்ல. உலகம் அதுவரை பார்த்திராத புதிய கிருமி. அந்த நோயாளியின் கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

அது 1999 மார்ச் மாதம். கிந்தாவில் முதல் காய்ச்சல் வந்து ஐந்து மாதங்களுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது.

எதிரி யார் என்று தெரிந்ததும் வழி மாறியது. கொசுவை விட்டுவிட்டுப் பன்றியைப் பார்த்தார்கள். இராணுவம் இறங்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. மே மாதத்தோடு புதிய நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றது. கணக்குப் பார்த்தபோது மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 105 பேர் இறந்திருந்தார்கள். பிழைப்பை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அதன் பிறகு இன்றுவரை நம் நாட்டில் மனிதர்களிடையே நிப்பா மீண்டும் பரவவில்லை.

சிறு குழாய்களில் நடக்கும் சேதம்

இந்தக் கிருமி மூளையில் என்னதான் செய்கிறது?

நம் மூளைக்குள் தலைமுடியைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் கோடிக்கணக்கில் ஓடுகின்றன. அவற்றின் உட்சுவரில் எஃப்ரின் பி2 என்ற ஒரு புரதம் இருக்கிறது. நிப்பா கிருமிக்கு அதுதான் கதவு. இந்தக் கதவை விஞ்ஞானிகள் 2005இல் கண்டுபிடித்தார்கள். அதே புரதம் மூளை நரம்பணுக்களிலும் உண்டு. ஆகவே கிருமி முதலில் குழாயின் சுவரைப் புண்ணாக்கும். சுவர் வீங்கும், உள்ளே இரத்தம் உறையும். அந்தக் குழாயை நம்பியிருந்த மூளைப் பகுதி இரத்தம் கிடைக்காமல் செத்துப்போகும். பிறகு நரம்பணுக்களுக்குள்ளேயே நுழையும். ஒரு பெரிய பக்கவாதத்தைப் பல சிறு துண்டுகளாக்கி மூளை முழுதும் தூவியதுபோல் என்று வைத்துக்கொள்ளலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் சில மில்லிமீட்டர் அளவுள்ள வெள்ளைப் புள்ளிகள் இங்கும் அங்குமாகத் தெரிந்தன. நோயாளிகளின் கை கால் தசைகள் தாமாகத் துடித்தன. இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் கட்டுக்குள் நிற்கவில்லை. உடலின் அடிப்படை வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் மூளைத் தண்டும் தாக்கப்பட்டதற்கான அடையாளங்கள் இவை.

மூளை நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்பதும் இங்கேதான் புரியும். இரத்தத்தில் உள்ள கண்டதும் மூளைக்குள் நுழையாதபடி இயற்கை ஒரு காவல் போட்டிருக்கிறது. நல்ல காவல்தான். ஆனால் அது மருந்தையும் தடுத்து நிறுத்தும். கிருமி எப்படியோ உள்ளே போய்விடும்; மருந்து வாசலில் நிற்கும்.

என்ன மருந்து கொடுத்தார்கள்?

வானொலியில் எந்த நோயைப் பற்றிப் பேசினாலும், நேயர்கள் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு என்ன மருந்து?" என்பதுதான். 1999இல் கோலாலம்பூர் மருத்துவர்களும் அதே கேள்வியோடுதான் நின்றார்கள். கையில் இருந்தவற்றில் பல வகை வைரஸ்களுக்கு எதிராக வேலை செய்யக்கூடியது ரிபாவிரின் என்ற மருந்து. நிப்பாவுக்கு அதை யாரும் சோதித்திருக்கவில்லை. புதிய கிருமியாயிற்றே, எப்படிச் சோதித்திருப்பார்கள்?

140 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். மருந்து வந்து சேர்வதற்கு முன்பு சிகிச்சை பெற்றவர்கள், மருந்தை மறுத்தவர்கள் என 54 பேரின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 32 விழுக்காட்டினர் இறந்தார்கள். பெறாதவர்களில் 54 விழுக்காட்டினர். 2001இல் வெளியான அந்த ஆய்வைப் பார்த்ததும் "ஆஹா, மருந்து கிடைத்துவிட்டது!" என்றுதான் தோன்றும்.

ஆனால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மருந்து பெறாதவர்களில் பலர் நோயின் தொடக்க நாட்களில் வந்தவர்கள். அப்போது மருத்துவமனைகளுக்கே இது என்ன நோய் என்று தெரியாது. பிறகு வந்தவர்களுக்கு மருந்தோடு அனுபவமும் சேர்ந்தே கிடைத்தது. அவர்களைக் காப்பாற்றியது மருந்தா, நல்ல கவனிப்பா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்துச் சோதித்திருந்தால் விடை கிடைத்திருக்கும். மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, மருந்து அலமாரியில் இருக்கும்போது, உங்களில் பாதிப் பேருக்குக் கொடுக்கமாட்டோம் என்று எந்த மருத்துவர் சொல்வார்? பின்னர் விலங்குகளிடம் செய்த சோதனைகளில் ரிபாவிரின் சாவைச் சில நாட்கள் தள்ளிப்போட்டதே தவிர, தடுக்கவில்லை.

அதனால் அந்த மருத்துவர்கள் செய்த வேலை வீண் என்று ஆகிவிடாது. தங்களிடம் வந்த ஒவ்வொருவரின் கணக்கையும் எழுதி வைத்தார்கள். இன்று உலகில் எங்கே நிப்பா வந்தாலும், மருத்துவர்கள் புரட்டிப் பார்க்கும் முதல் பக்கங்கள் நம் நாட்டு நோயாளிகளைப் பற்றியவை.

பிழைத்தவர்களின் பாடு

செமோரிலிருந்து உட்சாலையில் கிழக்கே திரும்பினால் தஞ்சோங் ரம்புத்தான். அந்தப் பெயரைச் சொன்னாலே நம் வீடுகளில் ஒரு சிரிப்பு எழும். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டு விடணும்" என்று திட்டு வாங்காத பிள்ளை பேராவில் உண்டா? 1911இல் திறக்கப்பட்ட, இன்று பாஹாகியா உலு கிந்தா என்று பெயர் கொண்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால் வந்த பேச்சு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களின் கண்ணீரைப் பார்த்த இடம் அது. ஓர் ஊரின் பெயரையே நாம் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

இந்த இடத்தில் அதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. நிப்பாவில் பிழைத்தவர்கள் எல்லாரும் பழைய ஆளாக வீடு திரும்பவில்லை. சிலருக்கு ஞாபகமறதி, சிலருக்குத் தீராத சோர்வு, மனச்சோர்வு. சிலரின் குணமே மாறிப்போனது. "முன்ன இப்படிக் கோவப்பட மாட்டாரே!" என்று வீட்டில் உள்ளவர்கள் திகைத்தார்கள். மூளையில் இருக்கும் சில மில்லிமீட்டர் புண்கள் ஒரு மனிதரின் சுபாவத்தையே மாற்றும் என்பது நமக்கு எளிதில் விளங்குவதில்லை. திமிர் என்கிறோம், பேய் என்கிறோம், செய்வினை என்கிறோம். மூளை நோயும் மன நோயும் ஒரே உறுப்பின் இரு கதவுகள் என்பதைத் தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் போகும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. குணமாகிவிட்டது என்று நினைத்த சிலருக்கு மாதங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் மீண்டும் வந்தது. முதலில் நோயே தெரியாமல் இருந்த சிலருக்கும் பின்னால் வந்தது. ஒருவருக்கு 11 ஆண்டுகள் கழித்து. கிருமி மூளைக்குள் எங்கோ ஒளிந்து உயிரோடு இருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. இத்தனை ஆண்டு அது எப்படிச் சத்தமில்லாமல் கிடக்கிறது, எது அதை எழுப்புகிறது என்பது இன்றும் ஆய்வாளர்களைத் தூங்கவிடாத கேள்வி.

மாமரமும் வௌவாலும்

கிருமி பன்றிக்கு எப்படி வந்தது? டாக்டர் சுவாவும் அவரது குழுவினரும் தியோமான் தீவுக்குப் போனார்கள். பழந்தின்னி வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, விழும் சிறுநீரைச் சேகரித்தார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழங்களையும் பொறுக்கினார்கள். இரண்டிலும் நிப்பா கிடைத்தது. வௌவாலுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. இரண்டும் காலங்காலமாய்ச் சேர்ந்து வாழ்ந்து பழகியவை.

1997இல் நம்மையெல்லாம் மூச்சுத் திணற வைத்த புகைமூட்டம் ஞாபகம் இருக்கிறதா? காடு எரிந்து, பழம் இல்லாமல் வௌவால்கள் பண்ணைப் பக்கம் வந்துவிட்டன என்று முதலில் ஓர் எண்ணம் இருந்தது. 2012இல் வெளியான விரிவான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. வௌவால்கள் இங்கே எப்போதும் இருந்தவைதாம். புதிதாக வந்தது பண்ணையின் அமைப்பு. நோய் தொடங்கிய ஈப்போ வட்டாரப் பண்ணையில் முப்பதாயிரம் பன்றிகள் அளவுக்கு இருந்தன. கொட்டகைகளை ஒட்டியே மாமரங்கள் நடப்பட்டிருந்தன. ஒரே நிலத்தில் இரண்டு வருமானம். கேட்க நல்ல யோசனைதான். இரவில் வௌவால் மாம்பழத்தைக் கடித்தது, மிச்சம் கொட்டகைக்குள் விழுந்தது, பன்றி தின்றது. சிறிய பண்ணையாக இருந்தால் கிருமி கொஞ்சம் சுற்றிவிட்டு ஓய்ந்திருக்கும். பெரிய பண்ணையில் புதிது புதிதாகக் குட்டிகள் பிறந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு குட்டியும் கிருமிக்கு ஒரு புது வீடு. அதனால் அது பல மாதங்கள் அங்கேயே குடியிருந்தது.

2011இல் வந்த ‘காண்டேஜியன்’ என்ற ஹாலிவுட் படத்தின் கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். வௌவால், பழம், பன்றி என்று வரிசையாகக் காட்டுவார்கள். அந்தக் கற்பனை நோய்க்கு மாதிரி நம் நிப்பாதான்.

தீர்வோ மிக எளிது: பழமரத்தையும் பன்றிக் கொட்டகையையும் தள்ளி வைப்பது. எந்த ஆய்வகமும் தர முடியாத மருந்து அது.

கிந்தாவிலிருந்து கோழிக்கோடு வரை

2001 முதல் பங்களாதேஷில் நிப்பா அடிக்கடி தலைகாட்டுகிறது. அங்கே பன்றி இல்லை. பனிக்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிச் சாறு இறக்குவார்கள். இரவில் வௌவால் வந்து அதே சாற்றை நக்கும். காலையில் பச்சையாகக் குடிப்பவருக்கு நோய். மரத்தின் சீவிய இடத்தை மூங்கில் தட்டியால் மூடிவிட்டால் வௌவால் நெருங்க முடியாது என்று அங்குள்ள ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். ஆனால் அங்கே ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் நோய் தொற்றுகிறது. இறப்பு விகிதமும் இங்கே இருந்ததைவிட அதிகம்.

2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாவது ஆள் அதே அறிகுறிகளோடு மருத்துவமனைக்கு வந்தபோதே மருத்துவர்கள் விழித்துக்கொண்டார்கள். மாதிரி மணிப்பால் ஆய்வகத்துக்குப் போனது; சில நாட்களில் நிப்பா என்று பதில் வந்தது. அதற்குள் மருத்துவமனையிலேயே பலருக்குத் தொற்றியிருந்தது. பேராம்பிரா அரசு மருத்துவமனைத் தாதி லினி, நோயாளியைக் கவனித்ததால் உயிரிழந்தார். இருந்தாலும் பரவல் சில வாரங்களில் அடக்கப்பட்டது. இங்கே ஐந்து மாதம் பிடித்த விடை அங்கே சில நாட்களில் கிடைத்தது. நிப்பா என்ற பெயர் மருத்துவப் புத்தகத்தில் ஏற்கெனவே இருந்ததுதான் அதற்குக் காரணம். அந்தப் பெயருக்கான விலையைக் கொடுத்தவர்கள் கிந்தாவிலும் புக்கிட் பெலாண்டோக்கிலும் இருந்தார்கள்.

மருந்துக்கான தேடலும் நடக்கிறது. எம்102.4 என்ற எதிர்ப்புரதம் கிருமி அந்தக் கதவைத் திறக்காதபடி அதன் கையைப் பிடித்துக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவில் 40 ஆரோக்கியமான மனிதர்களிடம் அதைச் சோதித்து, பாதுகாப்பானது என்று 2020இல் அறிவித்தார்கள். கோவிட் காலத்தில் நாம் கேள்விப்பட்ட ரெம்டெசிவிர், குரங்குகளை நிப்பாவிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. 2024 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகம் தன் நிப்பா தடுப்பூசியை முதன்முதலாக மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்கத் தொடங்கியது. எல்லாமே நல்ல செய்திகள். ஆனாலும் நிரூபிக்கப்பட்ட மருந்து என்று மருத்துவர் கையில் எடுத்துக் கொடுக்க இன்னும் ஒன்று வரவில்லை. நோய் எப்போதாவது, எங்கேயாவது, சிலருக்கு மட்டும் வருவதால் சோதனை நடத்துவதும் கடினம். ஏழைகளின் நோய் என்பதால் மருந்து நிறுவனங்களுக்கு இலாபமும் இல்லை.

அடுத்த முறை கிளினிக் போகும்போது

மருந்து வரும்வரை நம்மிடம் என்ன இருக்கிறது? கிந்தா கற்றுக்கொடுத்த ஒரு பாடம் இருக்கிறது: யாருக்கு நோய் வருகிறது, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதே முதல் பரிசோதனை.

நம்மில் பலர் மருத்துவரிடம் போனால், "ரெண்டு நாளா காய்ச்சல் டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடுவோம். பண்ணையில் வேலையா, மாடு ஆடு வளர்க்கிறீர்களா, காட்டுப்பக்கம் டுரியான் பொறுக்கப் போனீர்களா, இந்தியா போய் வந்தீர்களா, பக்கத்தில் வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, விடாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். விபூதி பூசுவதைப் பூசுங்கள்; வண்டியில் ஏற்றிய பிறகு பூசலாம்.

வௌவாலோ அணிலோ கடித்த பழத்தை, "அந்தப் பக்கத்தை வெட்டிட்டுச் சாப்பிடலாம்" என்று பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அதே நேரம் வௌவாலைக் கண்டால் கல்லெடுக்கவும் வேண்டாம். நாம் ஆசையாகச் சாப்பிடும் டுரியானின் பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது அதன் இனம்தான்.

அடுத்த முறை நெகிரி செம்பிலான் பக்கம் போனால் சுங்கை நிப்பா கிராமத்தில் இந்த நோய்க்காக ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள். கிந்தாவில் அப்படி ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. இங்கே கொசுப் புகைக்கு நடுவில் இருந்துகொண்டு, "கொசுன்னா எல்லாரையும்தானே கடிக்கும்?" என்று கேட்டவர்கள் இன்னமும் காப்பிக்கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வயதாகிக்கொண்டு வருகிறது அவர்களுக்கு. உங்கள் வீட்டுத் தாத்தாவோ பாட்டியோ அவர்களில் ஒருவராக இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த புது நோய்க்கான தடயம் அப்படி ஒரு சாதாரணக் கேள்வியில்தான் இருக்கும்.